மூடி மேல் என்ன வைப்பார்கள்?

நாற்பது வருஷம் சம்பாதித்த பேருக்கு என்ன விலை என்று செஞ்சி பஜாரில் யாராவது கேட்டால், ரோஷன் பீ யோசிக்காமல் சொல்லிவிடுவாள்: இருநூறு பேருக்கு மட்டன் பிரியாணி, வண்டி வாடகை தனி. ஆடி மாசக் கடைசியில் அவள் கண்ணெதிரே அந்த விலைக்குத்தான் போனது. வாங்கினவன் யார் என்பது மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

பேர் அவள் புருஷன் அப்துல் சுக்கூருடையது. கல்யாணச் சமையல்காரர். ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்குகிற வழக்கம் அவரிடம் கிடையாது. வருகிறவர்கள் வெற்றிலை பாக்கை அவர் கையில் வைத்துத் தேதியைச் சொன்னால் தேதி அவர்களுடையது. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தாலும், "வெத்தல வாங்கிட்டேன்பா" என்று கையை விரித்துவிடுவார். பஜாரில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. ரோஷன் பீக்கு இதில் எப்போதும் வருத்தம்தான். அவள் பிறந்தது திண்டிவனத்தில் கொத்துமல்லி மிளகாய் மண்டி வைத்திருந்தவர் வீட்டில். துண்டு போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள்.

மகள் மாஹிரா வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். ஊரார் கடைகளுக்கெல்லாம் செய்கிறவள் அப்பாவுக்குச் செய்யாமல் இருந்தால் எப்படி. 'சுக்கூர் பாய் பிரியாணி' என்று ஒரு பக்கம் போட்டு, அதில் ஒரு ஃபாரமும் வைத்தாள். பேர், போன் நம்பர், ஊர், தேதி, எத்தனை பேர். நிரப்பி அனுப்பினால் அந்தத் தேதி சிவப்பாக மாறிவிடும். வேறு யாரும் கேட்க முடியாது. அப்துல் சுக்கூர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எழுதிக் குடுத்துட்டாங்கன்னா அது வெத்தல குடுத்த மாதிரிதானே?"

"அப்படித்தான் அத்தா," என்றாள் மாஹிரா.

அங்கேதான் பிசகியது. வெற்றிலை நீட்டுகிறவனுக்கு ஒரு முகம் இருக்கும்.

அந்த ஆர்டர் மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்தது. வளைகாப்பு, இருநூறு பேர், மதியம் பன்னிரண்டு மணி. சித்தாமூரில் நயினார்மார்கள் இருக்கிறார்கள், சமண மடம் இருக்கிறது, அவர்கள் முட்டைகூடத் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் சுக்கூருக்குத் தெரியும். ஆனால் ஊரென்றால் நாலு விதமான வீடும் இருக்கும். நம்பருக்குப் போன் போட்டார். யாரோ ஒரு பையன் பேசினான். "எல்லாம் ரெடி பாய். தேர் நிக்கிற தெருவுக்கு வந்து நில்லுங்க, ஆள் வரும்." வண்டி போய் நின்றது. ஆள் வரவில்லை. நம்பர் அணைந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் விரத நாள். வீட்டுக்கு வீடு அடுப்பே மூட்டாமல் இருந்த தெருவில் இரண்டு பெரிய டேக்சாப் பாத்திரம் நிறைய மட்டன் பிரியாணி மணத்துக்கொண்டு நின்றது.

யாரும் சத்தம் போடவில்லை. தரணேந்திர நயினார் என்ற பெரியவர் ஒருவர் செம்பில் மோரோடு வந்தார். "பாய், உங்கள எவனோ ஏமாத்தி இருக்கான். மோர் குடிச்சிட்டு வண்டியத் திருப்புங்க. வெயில் பாருங்க எப்படி அடிக்குதுன்னு." அப்துல் சுக்கூரால் அந்த மோரைக் குடிக்க முடியவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்படி அவர் நின்றதைத்தான் எவனோ தூரத்திலிருந்து வீடியோ எடுத்து, சாயங்காலத்துக்குள் செஞ்சி முழுக்க அனுப்பிவிட்டான். 'விரதத் தெருவில் பிரியாணி வண்டி. கொழுப்பைப் பாருங்கள்.'

பிரியாணியை வழியில் தார் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அப்துல் சுக்கூர் பஜார் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக்கூடக் கடைசி வரிசையில் நின்று முதல் ஆளாகத் திரும்பிவிடுவார். ஏற்கெனவே தேய்த்த டேக்சாக்களைப் புளியும் சாம்பலும் போட்டு மறுபடி தேய்த்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருப்பார். ஆவணி பிறந்தும் வெயில் தணியவில்லை. கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் ஊர் மேல் கக்கின. அந்தப் புழுக்கத்தில் செம்பு தேய்க்கும் சத்தம் ரோஷன் பீயின் பல்லைக் கூசவைத்தது.

நாலாம் நாள் சர்ஃபராஸ் வந்தான். சுக்கூரின் தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னால் பாத்திரத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு போய், திண்டிவனம் ரோட்டில் ஏசி வைத்துத் தனியாகக் கடை போட்டவன். மகள் லுப்னாவுக்கு நிச்சயம் வைத்திருப்பதாகச் சொல்லிப் பத்திரிகையை நீட்டினான். ஆற்காட்டு மாப்பிள்ளை.

"அண்ணன் வந்து முன்னாடி உக்காரணும் அண்ணி. நம்ம பழக்கம் அது."

"அவரு எங்க வெளிய வராரு."

"வீடியோவ நானும் பாத்தேன். மனசே கேக்கல." சர்ஃபராஸ் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினால் துக்கம் என்று நினைத்திருப்பான் போல. "வயசாயிடுச்சி அண்ணி அவருக்கு. இந்த ஃபாரம் கீரம் எல்லாம் நமக்கு ஒத்து வராது. பேசாம அந்தப் பெரிய டேக்சா நாலும் என் கடைக்குக் குடுத்துடுங்க. வெளிய வித்தா பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுப்பான். நான் மரியாதையா எடுத்துக்கறேன்."

"அதுக்கு இன்னா அவசரம்."

"அவசரம் இல்ல. ஆவணி பூரா எனக்கு ஆர்டர். பாத்திரம் பத்தல."

"அப்படியா. எங்கருந்து வருது அவ்ளோ ஆர்டர்?"

"ஆண்டவன் குடுக்கறான்."

ரோஷன் பீ டீ போட்டுக் கொடுத்தாள். அவன் போன பிறகு டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

மறுநாள் வல்லத்திலிருந்து ராமகிருஷ்ணன் தன் மனைவி மீனம்பாளைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். யூனியன் ஆபீசில் வேலை. மகள் தமிழினி நர்ஸ். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம்.

"என் கல்யாணத்துக்கு பாய்தான் ஆக்கிப் போட்டாரு," என்றார் ராமகிருஷ்ணன். "அப்ப எங்க தெருவுக்கு வர வேற எவனும் ஒத்துக்கல. இவரு வெத்தலய வாங்கினாரு, வந்தாரு, எங்க வூட்டுத் தண்ணியக் குடிச்சாரு. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இப்ப ரெண்டு சிக்கல். உங்க கம்ப்யூட்டர்ல பாத்தா ஆவணி பூரா செவப்பா இருக்குது. ஒரு தேதிகூட இல்ல."

"எங்களுக்கு அவ்ளோ ஆர்டரா? எனக்கே தெரியாது."

"ரெண்டாவது, சம்பந்தி வூடு. வீடியோவப் பாத்துட்டு, அந்தாளு வேணாம், தம்பிகாரன்கிட்ட போலாம்ன்றாங்க." மீனம்பாள் அவர் தொடையைத் தட்டினாள். அவர் விடவில்லை. "இல்ல, சொல்லிடணும். நான் பாய நம்பறேன். அவங்க நம்பணுமே. இத பண்ணவன் இன்னாருன்னு தெரிஞ்சா, அவங்க வாய நான் அடைச்சிடுவேன். தெரியலன்னா எனக்கு வேற வழி இல்லம்மா. பொண்ணப் பெத்தவன்."

"எத்தினி நாள் பொறுப்பீங்க?"

"ரெண்டு வாரம்."

"நிச்சயமா தெரிஞ்சிடும்," என்றாள் ரோஷன் பீ. எப்படி என்று அவளுக்கே தெரியாது. மண்டிக்காரன் மகள், சரக்கு கையில் வருவதற்கு முன்பே விலை சொல்லிப் பழக்கம்.

அவர்கள் போன கையோடு மாஹிராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஃபாரத்தக் காட்டு."

மாஹிரா காட்டினாள். திரை உருண்டுகொண்டே போனது. ஒல்லியாக மருந்து, ரஷ்யாவிலிருந்து கடன், சூதாட்டம், என்ன பாஷை என்றே தெரியாத எழுத்து.

"இத்தன பேர் நமக்கு எழுதறாங்களா?"

"ஆளுங்க இல்லம்மா, மிஷின். ஃபாரத்தக் கண்டா நெறச்சிட்டுப் போறதுதான் அதோட வேல. நான் கம்பெனி வேலையில இத்த பாக்காமலே விட்டுட்டேன். நெஜமா ஆர்டர் கேட்டவங்க எல்லாம் இதுக்கு அடியில மாட்டிக் கெடக்கறாங்க."

"மிஷினுக்கு நம்ம பிரியாணி மேல இன்னா இவ்ளோ ஆசை."

"தடுக்கலாம்மா. மனுஷனா மிஷினான்னு தெரிஞ்சிக்க ஒரு கேள்வி வெக்கணும். ரெண்டும் மூணும் எவ்ளோன்னு வெச்சிப் பாத்தேன். அதுக்கும் பதில் போட்டுட்டு உள்ள வந்துடுது."

"கணக்கு மிஷினுக்கு வராம உனக்கா வரும். ஊர்க்காரன் யோசிக்காம சொல்றதக் கேளு. செஞ்சிக் கோட்டைக்கு எத்தினி மலைன்னு கேளு."

மாஹிரா சிரித்தாள். ஆனாலும் அதையே வைத்து, மிஷின் அடைத்திருந்த தேதிகளை விடுவித்தாள். மறுநாள் காலையில் ரஷ்யாக் கடன் நின்றுவிட்டது. ஒல்லி மருந்தும் நின்றது. உள்ளே வந்தவை மனுஷர்கள் எழுதியவைதான் என்பது பதிலைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருவர் 'மூணு' என்று போட்டிருந்தார். ஒருவர் மூன்று மலையின் பேரையும் எழுதியிருந்தார். தொண்டூர்க்காரர் ஒருவர், 'மூணு, ஆனா நான் ஏறினது ஒண்ணு, அதுக்கே மூட்டு போச்சு' என்று எழுதி அதன் கீழே ஐம்பது பேருக்குக் காதுகுத்து ஆர்டரும் கொடுத்திருந்தார்.

குப்பை விலகியதும் அடியிலிருந்தது தெரிந்தது. ஆவணியின் நல்ல நாள் ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்டர். பேர் வேறு வேறு. நம்பர் எதுவும் அடிக்கவில்லை. புதிதாக நேற்று ராத்திரி வந்தவையும் அதில் இருந்தன. அவற்றிலும் கேள்விக்குப் பதில் சரியாக இருந்தது. மூணு.

மாஹிரா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "இது மிஷின் இல்லம்மா. செஞ்சிக்காரன். ஒரே ஆளு. எல்லா நாளையும் செவப்பாக்கி வெச்சா நம்மகிட்ட யாரும் வர முடியாதில்ல."

"சித்தாமூர் ஆர்டர் போட்டதும் இவன்தானா?"

"அதே நெட் கனெக்‌ஷன்லருந்துதான் வந்திருக்குது. யாருன்னு மட்டும் தெரியாது. கேஸ் குடுத்தா போலீஸ் கண்டுபிடிப்பாங்க."

"எப்ப?"

"அது ஆவும். மாசக்கணக்கு."

ரோஷன் பீ எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அப்துல் சுக்கூர் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு முன்னைவிடச் சின்னதாகி இருந்தது. மிஷின் என்றால் அவள் மன்னித்திருப்பாள். மிஷினுக்கு அவரைத் தெரியாது. இவனுக்குத் தெரியும். செஞ்சியில் அவர் கையால் ஒரு வாயாவது சாப்பிடாதவன் கிடையாது. தின்றுவிட்டுத்தான் செய்திருக்கிறான். கொல்லை மூலையில் கடலை வறுக்கிற பழைய இரும்புச் சட்டி கிடந்தது. பக்கத்தில் கறுத்துப்போன மணல் மூட்டை. அவள் கண் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

அந்த மணலுக்கு ஒரு கதை உண்டு. சுக்கூரின் அப்பா பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் மணலில் கடலை வறுத்து விற்றவர். பிற்பாடு கல்யாணச் சமையலில் இறங்கினார். ஊரெல்லாம் டேக்சாவை மூடித் தம் போடும்போது மூடிமேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போடுவார்கள். அவருக்குக் கங்கு கட்டுப்படியாகவில்லை. கடலை வறுத்த சுடுமணலை ஈரச் சாக்கின் மேல் கொட்டிப் பார்த்தார். சூடு ஒரே சீராக இறங்கியது, சாம்பல் பறக்கவில்லை. அதுவே அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. 'மண்ணுப் பிரியாணி' என்று கேலி செய்வார்கள் என்று வெளியில் சொல்வதில்லை. மூடியைத் திறப்பதற்கு முன்பே மணலை வாரிவிடுவார்கள். சர்ஃபராஸ் தனியாகப் போனதும் முதல் வேலையாக மணலை விட்டுவிட்டுக் கங்குக்கு மாறினான்.

அவள் திரும்பி வந்தாள்.

"இன்னொரு கேள்வி வெய்யி. 'பிரியாணிக்குத் தம் போடறப்ப மூடி மேல என்ன வைப்பார்கள்?'"

"அது எல்லாருக்கும் தெரியுமே. நெருப்புன்னுவாங்க."

"சொல்லட்டும். எந்தப் பதில் போட்டாலும் உள்ள விட்டுடு. பதில மட்டும் எனக்குக் காட்டு."

"எல்லாத்தையும் விட்டுட்டா அப்புறம் கேள்வி எதுக்கும்மா?"

"மலைக் கேள்வி மிஷினுக்கு. இது மனுஷனுக்கு."

மாஹிரா அம்மாவைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது போல இருந்தது. பொய் ஆர்டர் இருந்த சில தேதிகளைத் திறந்துவிட்டு, அந்தக் கேள்வியையும் வைத்தாள்.

மூன்று நாள் நெருப்பும் தணலும் கங்குமாக வந்தது. ஒரு புதுக்கல்யாணக்காரர் 'வெயிட்டு' என்று குக்கரை நினைத்து எழுதியிருந்தார். நாலாம் நாள் காலையில் மாஹிரா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் போன்.

"அம்மா. மணல்னு வந்திருக்குது."

ரோஷன் பீ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அதே கனெக்‌ஷன்தான். இனியன்னு பேர் போட்டிருக்கான். முன்னூறு பேர், ஞாயித்துக்கிழம, செஞ்சி திண்டிவனம் ரோடு."

"உங்க சித்தப்பா கங்குதான் போடறாரு. மணல்னு அவரு எழுத மாட்டாரு," என்றாள் ரோஷன் பீ மெதுவாக.

மாஹிரா சுவரில் சாய்ந்துவிட்டாள். "அயாஸ்."

அயாஸ் சர்ஃபராஸின் மகன். குடும்பம் பிரிகிற வரைக்கும் இந்தக் கொல்லையில்தான் இருந்தான். அவன் அம்மாவுக்கு நோய் வந்த வருஷங்களில் ரோஷன் பீ கையால்தான் மூன்று வேளையும். தம் போடுகிற நேரத்தில் மணல் சட்டி தூக்குவது அவன் வேலை. அதற்காக அடம் பிடித்து அழுவான். இப்போது அப்பன் கடையில் ஏசிக்குள் கல்லாவில் உட்கார்ந்து போனும் விளம்பரமும் பார்த்துக்கொள்கிறான். புகை ஒத்துக்கொள்ளாது என்று சமையல்கட்டுப் பக்கமே போவதில்லை. உலகத்தில் எல்லோரும் மணல்தான் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அத்தாகிட்ட சொல்லலாமா?"

"வேணாம். சொன்னா 'புள்ளதானே, வுடு'ன்னுவாரு." ரோஷன் பீ கண்ணைத் துடைத்தாள், வெங்காயம் அரிந்த கண். "அந்த ஆர்டருக்குப் பதில் போடு."

"இன்னான்னு?"

"ஏத்துக்கிட்டோம்னு போடு. வெத்தல வாங்கியாச்சுன்னு போடு."

"அம்மா, அன்னைக்குத்தான் லுப்னாவுக்கு நிச்சயம். இவன் எல்லா நாளையும் நெறச்சிட்டு வரான், சொந்தத் தங்கச்சி நிச்சய நாளுன்னுகூடப் பாக்கல."

"தெரியும். பத்திரிகை என் தலகாணிக்கு அடியிலதான் இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கொல்லையில் புளியங்கட்டை எரிந்தது. ஆட்டுக்கறிக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். அவரும் வீடியோ பார்த்தவர்தான், பார்த்துவிட்டு அனுப்பியவனைத் திட்டியவர். சீரகச் சம்பா ஊறியது. இஞ்சி பூண்டு வதங்கும் வாசம் தெருமுனை வரைக்கும் போய் நின்றது. கரண்டியைக் கையில் எடுத்ததும் அப்துல் சுக்கூரின் முதுகு பழைய அளவுக்கு வந்துவிட்டது.

"யாரு வூட்டு ஆர்டர் இது?"

"இனியன்னு ஒருத்தரு."

"அடிரஸ் சரியா விசாரிச்சியா? மறுபடி எங்கயாச்சும் போய் நிக்க முடியாது ரோஷனு."

"அடிரஸ் எனக்குத் தெரியும். நானும் வரேன் வண்டியில."

"சர்ஃபராஸ் வூட்டு நிச்சயம் இருக்குது இன்னைக்கி."

"ஆர்டர முடிச்சிட்டுப் போலாம். நல்ல சட்டையாப் போட்டுக்குங்க."

மாஹிரா மணலை வறுத்தாள். ஈரச் சாக்கு போட்டு, சுடச்சுட மணலை இரண்டு மூடியிலும் கொட்டினார்கள். சுக்கூர் வழக்கம்போல வாரிவிடப் போனார். "இருக்கட்டும்," என்றாள் ரோஷன் பீ. "அங்க போய் எடுத்துக்கலாம். சூடு நிக்கட்டும்."

வண்டி திண்டிவனம் ரோட்டில் திரும்பிப் பந்தலைப் பார்த்ததும் அப்துல் சுக்கூர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு முதல் ஆளாக இறங்கினாள்.

பந்தலுக்குள் ஆற்காட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியையும் டேக்சாவையும் கண்டு சர்ஃபராஸ் வாசலுக்கு ஓடி வந்தான்.

"இன்னா அண்ணி இது?"

"ஆர்டர். முன்னூறு பேரு, திண்டிவனம் ரோடு."

"நான் குடுக்கலியே. எங்க கடையிலயே ஆக்கி வெச்சிருக்குதே."

"உங்க வூட்லருந்து குடுத்திருக்காங்க. எழுத்துல இருக்குது."

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சர்ஃபராஸின் கண் தானாக மகன் பக்கம் போனது. ரோஷன் பீக்கு அது போதும். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியில் வந்தார். தடித்த, நல்ல பசிக்காரர். "இன்னா சம்பந்தி, யாரு இவங்க?"

"எங்க… அண்ணன்," என்றான் சர்ஃபராஸ். "அண்ணன் அண்ணி."

"இவ்ளோ சாப்பாடு கொண்டாந்திருக்காங்களே. பெரியப்பா வூட்டு சீரா?"

சர்ஃபராஸ் அண்ணனையும் டேக்சாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஆமாம் என்றால் அண்ணன் காலடியில் நின்றாக வேண்டும். இல்லை என்றால் வேறென்ன என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற ரோஷன் பீ அவன் படும் பாட்டை அவசரமில்லாமல் பார்த்தாள். பேரத்தில் எதிராளி விரலை மடக்குகிற நேரத்தில் பேசக் கூடாது என்பது அவள் அப்பா அவளுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தது.

"ஆமா," என்றான் சர்ஃபராஸ் கடைசியில். "அண்ணன்… எங்களுக்காகக் கொண்டாந்தது."

"அப்ப இத்தையே போடுங்க. வாசம் தூக்குது." ஆற்காட்டுக்காரர் டேக்சாப் பக்கம் குனிந்தார். "இது இன்னாது, மூடி மேல மண்ணு?"

"மணல் பாய். எங்க மாமனாரு வழக்கம்," என்றாள் ரோஷன் பீ. பந்தலில் நாலு வரிசைக்குக் கேட்கிற குரல். "எல்லாரும் கங்கு போடுவாங்க. செஞ்சியில மணல் போடறது எங்க ஒரு குடும்பம்தான். வேற யாருக்கும் தெரியவே தெரியாது. அயாஸக் கேளுங்க. தம் போடறப்ப மூடி மேல இன்னா வைப்பாங்கன்னு போன வாரம்கூட எனக்கு எழுதிக் குடுத்தான்."

ஆற்காட்டுக்காரர் அயாஸின் தோளில் தட்டினார். "பரவால்ல தம்பி, தொழில்ல ஆர்வம் இருக்குது." அயாஸின் முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது. அவனுக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது.

அப்துல் சுக்கூரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முதல் தட்டைத் தம்பி கொண்டு வந்து வைத்தான். ஆற்காட்டார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சர்ஃபராஸ் ஆக்கி வைத்திருந்தது திறக்கப்படாமல் பின்கட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

பின்கட்டில்தான் பேச்சு நடந்தது. சர்ஃபராஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"லுப்னா மூஞ்சிக்காக அண்ணி. வெளிய சொல்லிடாதீங்க."

"லுப்னாவுக்காகத்தான் உள்ள சாப்பாடு போவுது. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"இவன் சின்னப் பையன். போட்டியில புத்தி கெட்டுப் பண்ணிட்டான். எவ்ளோ பணம் வேணும்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

"எவ்ளோ குடுப்ப? உங்க அண்ணன் அந்தத் தெருவுல மோர் செம்பைப் புடிச்சிக்கிட்டு நின்னாரே, அதுக்கு விலை போடு பாக்கலாம்." சர்ஃபராஸ் குனிந்துகொண்டான். "உனக்குத் தெரிஞ்சே நடந்துச்சு. தெரிஞ்சிக்கிட்டுதான் என் வூட்ல வந்து டீ குடிச்ச. பாத்திரம் வேணும்னு கேட்ட. மரியாதையா எடுத்துக்கறேன்னியே, அந்த மரியாதைய நீயே வெச்சிக்க."

அயாஸ் பேசினான். "சித்தாமூர்ல அன்னைக்கி விரதம்னு எனக்குத் தெரியாது பெரியம்மா. சும்மா அலைய வுடலாம்னுதான்…"

"படத்துல 'விரதத் தெரு'ன்னு எழுதி அனுப்பினவனுக்கு அது தெரிஞ்சிருந்துச்சே."

அயாஸ் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"கேட்டுக்க," என்றாள் ரோஷன் பீ. "நாளைக்கிக் காலையில உங்க பெரியத்தாவோட சித்தாமூர் போற. அதே எடத்துல நின்னு, நான்தான் பண்ணேன்னு நயினார்கிட்ட சொல்ற. அத உன் மூஞ்சி தெரியற மாதிரி நீயே படம் புடிக்கற. அந்த வீடியோ எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் இதுவும் போவணும். நீ போட்ட பொய் ஆர்டர் எது எதுன்னு இன்னைக்கே மாஹிராகிட்ட சொல்லி, செவப்பாக்கி வெச்சிருக்கற தேதி எல்லாத்தையும் விடுவிக்கணும். வல்லத்துக் கல்யாணத்துக்கு வந்து மூட்டை தூக்கற. முடியாதுன்னா இப்பவே சொல்லு. ஆற்காட்டுக்காரரு அடுத்த தட்டு வாங்கறதுக்குள்ள நான் உள்ள போய் பேசிட்டு வரேன்."

"செய்யறேன்," என்றான் அயாஸ்.

செய்தான். சித்தாமூரில் அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நயினார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் இரண்டு செம்பு மோர் கொண்டு வந்தார். இந்தத் தடவை அப்துல் சுக்கூர் குடித்தார். அயாஸும் குடித்தான். சாயங்காலத்துக்குள் செஞ்சி முழுக்க அவன் முகம் போய்ச் சேர்ந்தது. பெற்றவனுக்கும் இதில் பங்குண்டு என்று ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. சர்ஃபராஸின் கடையில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்த சில நாட்களும் உண்டு. ராமகிருஷ்ணன் அந்த வீடியோவைச் சம்பந்தி வீட்டில் நாலு பேருக்கு நடுவில் போட்டுக் காட்டிவிட்டு, அன்றைக்கே மீனம்பாளோடு வந்து அப்துல் சுக்கூரின் கையில் வெற்றிலையை வைத்தார்.

வல்லத்துக் கல்யாணத்துக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. சேற்றில் அரிசி மூட்டை தூக்கி, விறகு பிளந்து, மணல் சட்டி சுமந்து அயாஸின் சட்டை கிழிந்திருந்தது. பந்தி உட்காரப் போகிற நேரத்தில் அவன் ரோஷன் பீயின் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கத்திரிக்காய்ப் பச்சடியைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியத்தா பேசறாரு," என்றான். "ராமகிருஷ்ணன் சார்கூட கை குடுத்தாரு. மாஹிரா திட்டறா, ஆனா பேசறா. நீங்க மட்டும் மூஞ்சிய திருப்பிக்கறீங்க பெரியம்மா. இன்னும் நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"அப்புறம்?"

ரோஷன் பீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

"சித்தாமூர் தெருவுக்கு நீ பட்ட கடன், போய் நின்னு சொல்லிட்ட, தீந்துச்சு. ஊருக்குப் பட்டது, உன் மூஞ்சியப் போட்டுக் காட்டிட்ட, தீந்துச்சு. வல்லத்துக்குப் பட்டது, இதோ மூட்டை தூக்கி அடைச்சிட்ட. உங்க பெரியத்தா கணக்கே எழுத மாட்டாரு, அவருகிட்ட உனக்கு என்னைக்கும் பாக்கி இல்ல." மடக்காமல் ஒரு விரல் நின்றது. அதை அவன் முன்னால் நீட்டினாள். "இது என்னோடது. மூணு வேளையும் ஊட்டின கைக்கு நீ வெச்ச பாக்கி. இத்த வசூல் பண்ணவும் மாட்டேன், தள்ளிக் குடுக்கவும் மாட்டேன். நிக்கட்டும்."